வாய்தாவைத் தாண்டி ஒரு வழி: சீரமைப்பு நீதி பற்றி வாசகர் கேள்விகள்

குற்றம் செய்தவரும் அதனால் பாதிக்கப்பட்டவரும் தாங்களாகச் சம்மதித்து, பயிற்சி பெற்ற ஒருவர் முன்னிலையில் பேசி, நடந்த சேதத்தை எப்படிச் சரிசெய்வது என்று முடிவெடுக்கும் முறைக்குச் சீரமைப்பு நீதி என்று பெயர். அதைப் பற்றி வந்த கடிதங்களில் இருந்து சில கேள்விகளும் எங்கள் பதில்களும்.

கேள்வி: கிரிமினல் கோர்ட்டுகளில் வழக்குகள் ஆண்டுக்கணக்கில் தேங்கிக் கிடக்கின்றன. சீரமைப்பு நீதி வந்துவிட்டால் பாதிச் சுமை இறங்கிவிடும் என்று பேசுகிறார்கள். நம்பலாமா?

பதில்: சுமை இறங்கும். ஆனால் பலர் எதிர்பார்க்கும் இடத்தில் இறங்காது.

ஒரு வழக்கில் நாட்களைத் தின்பது எது? "நான் செய்யவில்லை" என்று மறுத்த பிறகு வரும் விசாரணை. சாட்சிக்குச் சம்மன், சாட்சி வராததால் ஒரு வாய்தா, வக்கீல் வராததால் இன்னொரு வாய்தா, ஆவணம் வந்து சேராததால் மற்றொன்று. சீரமைப்பு நீதிக்கோ முதல் நிபந்தனையே, தவறு செய்தவர் "செய்தது நான்தான்" என்று ஏற்பது. ஆகவே உண்மையாகவே மறுக்கப்படும் வழக்கை இந்த முறை தொட முடியாது, தொடவும் கூடாது.

பிறகு பயன் எங்கே? குற்றம் செய்தவர்களிலேயே பலர் மறுக்கிறார்கள். ஒப்புக்கொண்டால் தண்டனையைத் தவிர வேறொன்றும் கிடைக்காது என்பது அவர்கள் கணக்கு. குற்றப்பத்திரிகை தாக்கலாகும் முன்பே பொறுப்பேற்று இழப்பை ஈடுகட்ட ஒரு வழி திறந்திருந்தால், அவர்களில் ஒரு பகுதியினர் அந்தப் பக்கம் வருவார்கள். அந்த வழக்குகளுக்குச் சாட்சி விசாரணையே தேவைப்படாது. சிறுவர்கள் செய்யும் குற்றங்கள், பக்கத்து வீட்டுத் தகராறில் விழுந்த அடி, பொருட்சேதம், சிறு திருட்டு ஆகியவற்றில் இந்த மிச்சம் கண்ணுக்குத் தெரியும்.

இன்னொரு கணக்கையும் போட்டுப் பாருங்கள். ஒரு சாதாரணத் திருட்டு வழக்கில் சந்திப்பை நடத்துபவருக்கு ஆகும் நேரம் இது. தவறு செய்தவரோடு 2 தனி அமர்வு, பாதிக்கப்பட்டவரோடு 2, ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம் என்றால் 6 மணி. துணைக்கு வரும் 4 பேரிடம் ஆளுக்கு அரை மணி பேசினால் 2 மணி. சந்திப்பு 2 மணி. ஒப்பந்தத்தை எழுதி 3 மாதம் கண்காணிக்க 4 மணி. பயணம், கோப்பு வேலை என்று இன்னொரு 4 மணி. மொத்தம் 18 மணி நேரம். நீதிபதியின் நேரம் மிச்சமாகிறது என்பது நிஜம். ஆனால் வேலை காணாமல் போவதில்லை. வேறொருவர் தோளுக்கு மாறுகிறது. அந்தத் தோளுக்குச் சம்பளமும் பயிற்சியும் கொடுக்காமல் "மாதம் இத்தனை கோப்பு முடிக்க வேண்டும்" என்று இலக்கு வைத்தால், முதலில் வெட்டுப்படுவது அந்தத் தனி அமர்வுகள்தான். தயாரிப்பே இல்லாமல், தன்னை அடித்தவர் எதிரே உட்கார வைக்கப்படும் மனிதரின் நிலையை யோசியுங்கள். கோர்ட்டின் பாரத்தைக் குறைக்க அவரைப் பலிகொடுப்பதை எங்களால் ஏற்க முடியாது.

எண்ணிக்கை காட்டுவதற்காக நடக்கும் இன்னொரு தவறும் உண்டு. ஒரு எச்சரிக்கையோடு வீட்டுக்கு அனுப்பியிருக்கக்கூடிய சில்லறை விவகாரங்களை இங்கே தள்ளிவிடுவார்கள். கோர்ட்டு வாசலுக்கே வந்திராத வழக்கை முடித்து வைத்தால் கோர்ட்டுக்கு ஒரு வாய்தாகூட மிச்சமாகாது. ஆகவே ஒரு திட்டத்தை மதிப்பிடும்போது முடித்த கோப்புகளை மட்டும் எண்ணாதீர்கள். இந்த வழி இல்லாவிட்டால் அவற்றில் எத்தனை கோர்ட்டுக்குப் போயிருக்கும் என்று கேளுங்கள்.

கேள்வி: நல்ல பெயர் வைத்த கட்டப்பஞ்சாயத்துதானே இது?

பதில்: இந்தச் சந்தேகம் நியாயமானது. மோசமாக நடத்தினால் அப்படியே ஆகிவிடும்.

கட்டப்பஞ்சாயத்தில் நடுவில் உட்கார்ந்திருப்பவர் முடிவு சொல்கிறார். அவருடைய செல்வாக்குக்குப் பயந்து இரு தரப்பும் தலையாட்டுகிறது. சீரமைப்பு நீதியில் நடுவில் இருப்பவருக்கு, அதாவது ஒருங்கிணைப்பாளருக்கு, தீர்ப்பு சொல்லும் அதிகாரம் இல்லை. "இவ்வளவு கொடுத்து முடித்துக்கொள்ளுங்கள்" என்று அவர் வாயில் வந்துவிட்டால் அவர் தன் வேலையை விட்டு வெளியே போய்விட்டார் என்று பொருள்.

ஐ.நா.வின் பொருளாதார சமூக மன்றம் 2002-ல் இதற்கான அடிப்படைக் கோட்பாடுகளை ஏற்றது. இரு தரப்பும் விவரம் தெரிந்து, தானாகச் சம்மதிக்க வேண்டும். எந்தக் கட்டத்திலும் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். சட்ட ஆலோசனை பெறும் உரிமை உண்டு. ஒப்பந்தத்தில் எழுதும் கடமைகள் நியாயமாகவும் குற்றத்தின் அளவுக்குப் பொருத்தமாகவும் இருக்க வேண்டும். மூடிய அறையில் பேசியது வெளியே போகக் கூடாது. தவறு செய்தவர் இதில் கலந்துகொண்டார் என்பதையே பிறகு கோர்ட்டில் குற்ற ஒப்புதலாகக் காட்டவும் கூடாது.

உங்களை யாராவது அழைத்தால் நாலு கேள்வி கேளுங்கள். நான் மறுத்தால் என்ன ஆகும்? உங்களுக்குச் சம்பளம் தருவது யார்? எனக்குத் துணையாக ஒருவரை அழைத்து வரலாமா? கையெழுத்தான ஒப்பந்தம் எந்த அதிகாரியிடம் போகும்? இந்த நாலில் ஒன்றுக்குப் பதில் மழுப்பலாக வந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

கேள்வி: இந்த முறை எங்கே, யாரால் தொடங்கியது?

பதில்: தவறு செய்தவரைச் சமூகத்துக்கு நடுவில் உட்கார வைத்துப் பேசும் வழக்கம் நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரி மக்களிடமும் வட அமெரிக்கப் பூர்வகுடிகளிடமும் நெடுங்காலமாக உண்டு. இன்றைய சட்ட அமைப்புக்குள் அது நுழைந்த இடமாகப் பலரும் காட்டுவது கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் உள்ள எல்மைரா என்ற சிற்றூரை. 1974-ல் அங்கே இரண்டு இளைஞர்கள் ஒரே இரவில் 22 இடங்களில் சேதம் விளைவித்தார்கள். நன்னடத்தை அதிகாரி மார்க் யான்சி, இவர்களே பாதிக்கப்பட்டவர்களை நேரில் பார்த்தால் என்ன என்று யோசனை சொன்னார். நீதிபதி சம்மதித்தார். இருவரும் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டி, செய்ததைச் சொல்லி, இழப்பைக் கணக்கெடுத்து, சில மாதங்களில் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். அன்று தயாரிப்பும் இல்லை, விதிகளும் இல்லை. இன்று அப்படிச் செய்யச் சொன்னால் நாங்கள் தடுப்போம். ஆனால் வழி அங்கேதான் திறந்தது.

1977-ல் நார்வே நாட்டுக் குற்றவியல் அறிஞர் நில்ஸ் கிறிஸ்டி, ஒரு தகராறு அதில் சிக்கியவர்களுக்குச் சொந்தமானது, அரசும் வக்கீல்களும் அதை அவர்கள் கையில் இருந்து பறித்துக்கொள்கிறார்கள் என்று வாதிட்டார். பிறகு சட்டங்கள் வந்தன. நியூசிலாந்து 1989-ல் சிறுவர் வழக்குகளுக்குக் குடும்பக் கூட்டத்தை, அதாவது சிறுவரும் குடும்பத்தாரும் பாதிக்கப்பட்டவரும் ஒன்றாக உட்கார்ந்து பேசும் கூட்டத்தை, மைய வழியாக்கியது. கொலை வழக்குகளுக்கு விலக்கு உண்டு. அதே நாட்டில் 2014-ன் சட்டத் திருத்தத்தால், வயது வந்தவர் குற்றத்தை ஒப்புக்கொண்டு, பாதிக்கப்பட்டவரும் இருந்தால், மாவட்ட நீதிமன்றம் தண்டனை விதிக்கும் முன் வழக்கை ஒத்திவைத்து, சந்திப்பு பொருந்துமா என்று பார்க்கச் சொல்ல வேண்டும். நார்வே 1991-ல் நாடு முழுவதும் சமரச மையங்களுக்குச் சட்டம் இயற்றியது. வட அயர்லாந்தின் 2002 சட்டம் இளையோர் வழக்குகளை இந்தப் பக்கம் திருப்பியது. பெல்ஜியம் 2005-ல் எந்தக் குற்றமானாலும், தண்டனை அனுபவிக்கும் காலத்தில்கூட, இந்த வழியைக் கேட்கலாம் என்றது.

கேள்வி: ஒரு சந்திப்பு உண்மையில் எப்படி நடக்கிறது? படிப்படியாகச் சொல்லுங்கள்.

பதில்: சந்திப்பு நடக்கும் 2 மணி நேரத்தைப் பற்றித்தான் எல்லோரும் கேட்கிறார்கள். அது நல்லபடியாகப் போகுமா என்பது அதற்கு முந்தைய வாரங்களிலேயே தெரிந்துவிடும்.

முதலில் தவறு செய்தவரைத் தனியாகப் பார்க்க வேண்டும். பாதிக்கப்பட்டவரை முதலில் அணுகி, அவர் மனதைத் திடப்படுத்திக்கொண்ட பிறகு எதிர்த்தரப்பு "வர மாட்டேன்" என்றால் அது அவருக்குப் புதிய அடி. அதனால் இந்த வரிசை. தவறு செய்தவரிடம் கண்ணீரைத் தேடாதீர்கள். அவர் பேசும் வினைச்சொல்லைக் கவனியுங்கள். "கண்ணாடி உடைந்துவிட்டது", "சண்டை வந்துவிட்டது", "கை பட்டுவிட்டது" என்று சொல்லிக்கொண்டிருந்தால் அவர் இன்னும் தயாராகவில்லை. "நான் உடைத்தேன்", "நான் அடித்தேன்" என்று வர வேண்டும். முதல் அமர்விலேயே வருவது அபூர்வம். இரண்டாவதிலும் வராவிட்டால் வழக்கைத் திருப்பி அனுப்பிவிடுவதே மேல்.

அடுத்து பாதிக்கப்பட்டவர். அவர் வீட்டிலோ, அவர் சொல்லும் இடத்திலோ. அவருக்கு என்ன தெரிய வேண்டும், என்ன சொல்ல வேண்டும், என்ன கிடைக்க வேண்டும் என்று மூன்றையும் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். வீடு புகுந்து திருடிய வழக்குகளில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள் இவை: "ஏன் என் வீடு? நாங்கள் வெளியே போனதை வேவு பார்த்தாயா? குழந்தையின் அறைக்குள் போனாயா? மறுபடி வருவாயா?" கோர்ட்டு விசாரணைக்கு இவை தேவையில்லாத கேள்விகள். ராத்தூக்கத்தைக் கெடுப்பவையோ இவைதான்.

இடம் நடுநிலையாக இருக்க வேண்டும். காவல் நிலையம் வேண்டாம். காத்திருக்க 2 தனி அறைகள், முடிந்தால் 2 வாசல்கள். ஒரே வராந்தாவில் இரு தரப்பும் 20 நிமிடம் எதிரெதிரே நின்றால் கூட்டம் தொடங்கும் முன்பே கெட்டுவிடும். நாற்காலிகள் வட்டமாக, எல்லாம் ஒரே உயரத்தில், நடுவில் மேஜை இல்லாமல். பாதிக்கப்பட்டவர் கதவுக்குப் பக்கத்தில். எழுந்து போக நினைத்தால் யாரையும் கடந்து போகும்படி இருக்கக் கூடாது. இருவரும் நேருக்கு நேர் உட்காராமல் சற்றுக் கோணலாக உட்கார்ந்தால் பார்க்கவும் முடியும், பார்வையை விலக்கவும் முடியும். இந்த ஏற்பாட்டை முந்தின நாளே தாளில் வரைந்து பாதிக்கப்பட்டவரிடம் காட்டுங்கள். யார் முதலில் உள்ளே வருவது என்பதையும் அவரே சொல்லட்டும். மொத்தம் 6 முதல் 10 பேர் போதும். ஒரு பக்கம் 2 பேர், மறுபக்கம் 7 பேர் என்று ஆகிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆஸ்திரேலியாவின் வாகா வாகா நகரில் 1991-ல் காவல்துறை இத்தகைய சந்திப்புகளைத் தொடங்கியபோது உருவான கேள்வி வரிசைதான், சிறு மாற்றங்களோடு, இன்று பல நாடுகளிலும் புழங்குகிறது. தவறு செய்தவரிடம்: என்ன நடந்தது? அந்த நேரம் மனதில் என்ன ஓடியது? அதற்குப் பிறகு என்ன யோசித்தீர்கள்? யார் யாருக்குப் பாதிப்பு, எப்படி? பாதிக்கப்பட்டவரிடம்: தெரிந்தவுடன் என்ன தோன்றியது? உங்களுக்கும் வீட்டாருக்கும் என்ன ஆனது? எதைத் தாங்குவது மிகவும் கஷ்டமாக இருந்தது? பிறகு துணைக்கு வந்தவர்கள் பேசுகிறார்கள். கடைசியில் பாதிக்கப்பட்டவரிடம், இதைச் சரிசெய்ய என்ன நடக்க வேண்டும் என்று கேட்கிறார் ஒருங்கிணைப்பாளர். "ஏன் செய்தாய்?" என்ற கேள்வி அவர் பட்டியலில் இல்லை. அந்தக் கேள்வி உடனே சாக்குகளைக் கிளப்பிவிடும். பாதிக்கப்பட்டவர் கேட்டால் கேட்கட்டும். அது அவர் உரிமை.

பொதுவாகக் கெடுவது எங்கே? மௌனத்தைத் தாங்க முடியாத ஒருங்கிணைப்பாளர் இடையில் பேசிக் கெடுக்கிறார். பாதிக்கப்பட்டவர் பேசி முடித்ததும் 15, 20 வினாடி அமைதி வந்தால் அதை அப்படியே விட வேண்டும். எதிரே இருப்பவர் உள்ளுக்குள் எதையோ புரட்டிக்கொண்டிருக்கிறார். இன்னொன்று, தவறு செய்த பையனின் அப்பா எழுந்து எல்லோர் முன்னாலும் அவனைத் திட்டித் தீர்ப்பது. பையன் சுருங்கிவிடுவான், பாதிக்கப்பட்டவரே அவனுக்காகப் பரிதாபப்பட்டுப் பேச்சைக் குறைத்துக்கொள்வார். இப்படி ஆகும் என்று தயாரிப்பின்போதே அந்த அப்பாவிடம் சொல்லிவைக்க வேண்டும். நடந்தேவிட்டால் 10 நிமிடம் இடைவேளை விடுங்கள்.

ஒப்பந்தம் பேசி முடித்ததும் அதைத் தட்டச்சு செய்ய 15 நிமிடம் ஆகும். அந்த நேரத்தில் எல்லோருக்கும் குடிக்க ஏதாவது கொடுத்து ஒருங்கிணைப்பாளர் ஒதுங்கிக்கொள்வது வழக்கம். கூட்டத்தில் சொல்லாத ஒரு வார்த்தை பல நேரம் இந்த இடைவெளியில் வருகிறது. இதை அவசரத்தில் விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: என் வீட்டில் திருடியவரைச் சந்திக்க முடியுமா என்று கேட்டிருக்கிறார்கள். அவர் முகத்தைப் பார்க்கவே எனக்கு நடுங்குகிறது. மறுத்தால் நான் பிடிவாதக்காரி ஆகிவிடுவேனா?

பதில்: இல்லை அம்மா. காரணம் சொல்லாமலே "வேண்டாம்" என்று சொல்லலாம். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது; வழக்கு தன் பாட்டுக்கு நடக்கும்.

ஆனால் உங்களுக்குக் கேட்க வேண்டிய கேள்விகள் ஏதாவது இருந்தால், முகம் பார்க்காமலும் வழி உண்டு. ஒருங்கிணைப்பாளரே இரு பக்கமும் மாறி மாறிப் போய்க் கேள்வியையும் பதிலையும் கொண்டு வருவார். கடிதம் எழுதலாம். உங்கள் வார்த்தைகளை ஒலிப்பதிவாக அனுப்பலாம். உங்களுக்குப் பதிலாக உறவினர் ஒருவரை உட்கார வைக்கலாம். நேரில் சந்திப்பதில் கிடைக்கும் தெளிவு இதில் சற்றுக் குறையும். குரல் தழுதழுப்பதும் கண் தாழ்வதும் கடிதத்தில் தெரியாது. ஆனாலும் உங்கள் உடம்பு நடுங்கும்போது அதை மீறி அந்த அறைக்குள் போக வேண்டியதில்லை. 6 மாதம் கழித்து மனம் மாறினால் அப்போது கேளுங்கள். நல்ல அமைப்பு கதவைச் சாத்திவிடாது.

கேள்வி: சந்திப்புக்குப் போனால் மன்னித்துத்தான் ஆக வேண்டுமா?

பதில்: வேண்டாம். மன்னிப்பைக் கேட்டு வாங்குவது ஒருங்கிணைப்பாளரின் வேலையும் இல்லை. சிலர் மன்னிக்கிறார்கள், சிலர் "உன்னை மன்னிக்க மாட்டேன், ஆனால் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன்" என்று எழுந்து போகிறார்கள். இரண்டுமே முழுமையான சந்திப்புகள்தான்.

கேள்வி: எனக்கு 17 வயதில் மகன். கடையில் பொருள் திருடியதாகப் புகார். அவன் செய்யவில்லை என்கிறான். "ஒப்புக்கொண்டால் சந்திப்போடு முடிந்துவிடும், இல்லாவிட்டால் ஆண்டுக்கணக்கில் அலைய வேண்டும்" என்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: செய்யவில்லை என்றால் ஒப்புக்கொள்ளக் கூடாது. இதில் இரண்டாவது யோசனையே வேண்டாம். முதலில் ஒரு வக்கீலைப் பாருங்கள். அவர் இல்லாமல் எந்தத் தாளிலும் பையன் கையெழுத்துப் போட வேண்டாம்.

கோர்ட்டு தாமதத்தைக் காட்டிப் பயமுறுத்தி ஒப்புதல் வாங்குவது இந்த முறையின் அடிவேரையே அறுக்கிறது. தாமதம் எவ்வளவு அதிகமோ அவ்வளவுக்கு இந்த அழுத்தமும் அதிகமாகும். நெரிசலான கோர்ட்டுகளுக்குப் பக்கத்தில் சீரமைப்பு நீதியை நடத்துபவர்கள் தினமும் நினைவில் வைக்க வேண்டிய ஆபத்து இது. செய்யாத குற்றத்தை ஏற்றுக்கொண்ட சிறுவனை, பொருளை இழந்த கடைக்காரர் எதிரே உட்கார வைத்தால் இருவருமே ஏமாற்றப்படுகிறார்கள். பையன் அந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல முடியாமல் விழிப்பான், கடைக்காரர் அதைத் திமிர் என்று நினைப்பார்.

ஒன்றைக் கவனியுங்கள். "கூடவே நின்றேன், எடுத்தது நண்பன்" என்பதுபோல் ஒரு பகுதி உண்மை இருந்தால், அந்தப் பகுதிக்கு மட்டும் பொறுப்பேற்க முடியுமா என்று வக்கீலிடம் கேளுங்கள். நடந்ததன் அடிப்படை விவரங்களில் இரு தரப்பும் ஒத்துப்போனால் போதும். ஒவ்வொரு நுணுக்கத்திலும் ஒத்துப்போக வேண்டியதில்லை.

கேள்வி: குடும்ப வன்முறை, பாலியல் குற்றங்களுக்கும் இது பொருந்துமா?

பதில்: கோர்ட்டின் பாரத்தைக் குறைக்கும் நோக்கத்தோடு என்றால், பொருந்தவே பொருந்தாது. அடிப்பவருக்கும் அடி வாங்குபவருக்கும் இடையில் பல ஆண்டுகளாக ஊறிய பயம் இருக்கிறது. ஒரு பார்வை, தொண்டையைச் செருமும் ஒரு சத்தம் போதும், அவர் வாயை மூடிவிடுவார்; மற்றவர்களுக்கு ஒன்றும் புரியாது. பெண்கள் மீதான வன்முறையைத் தடுக்க 2011-ல் உருவான இஸ்தான்புல் உடன்படிக்கை, இத்தகைய வழக்குகளில் சமரசத்தைக் கட்டாயமாக்குவதைத் தடை செய்கிறது. கட்டாயம் என்ற சொல்லைக் கவனியுங்கள். பாதிக்கப்பட்டவரே முன்வந்து கேட்கும்போது, குற்றம் நிரூபணமான பிறகு, தனிப் பயிற்சி பெற்றவர்களைக் கொண்டு, பல மாதத் தயாரிப்போடு செய்யும் இடங்கள் உண்டு. நியூசிலாந்தில் குடும்ப வன்முறை வழக்குகளுக்கென்றே தனித் தரவிதிகள் இருக்கின்றன. அந்த அளவு ஏற்பாடு இல்லாத இடத்தில் வழக்கு கோர்ட்டிலேயே நடக்கட்டும்.

கேள்வி: இதற்குப் பிறகு மறுபடி குற்றம் செய்வது குறைகிறதா? ஆதாரம் உண்டா?

பதில்: உண்டு, ஆனால் அதிசயம் எதிர்பார்க்காதீர்கள். இங்கிலாந்தில் குற்றவியல் ஆய்வாளர் ஜோவன்னா ஷாப்லண்ட் குழுவினர் 3 திட்டங்களைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். சந்திப்பில் கலந்துகொண்ட பாதிக்கப்பட்டவர்களில் 85 சதவீதம் பேர் திருப்தி என்றார்கள். மறுகுற்றங்களின் எண்ணிக்கை, இந்த வழிக்கு வராத ஒப்பீட்டுக் குழுவைவிட 14 சதவீதம் குறைவு. குற்றவியல் ஆய்வாளர்கள் ஹெதர் ஸ்ட்ராங், லாரன்ஸ் ஷெர்மன் ஆகியோர் 2013-ல் 10 பரிசோதனைகளைச் சேர்த்துப் பார்த்தபோதும் மிதமான குறைவு தெரிந்தது. அதில் பலரை வியக்க வைத்த முடிவு, பொருட்குற்றங்களைவிட வன்முறைக் குற்றங்களில்தான் பலன் அதிகம் என்பது. அதற்கு எங்களுக்குத் தோன்றும் விளக்கம்: சைக்கிளை இழந்தவருக்குச் சொல்ல வேண்டியது கொஞ்சம், அடிபட்டவருக்குச் சொல்ல நிறைய இருக்கிறது, கேட்பவருக்கும் அது தைக்கிறது.

இந்த முடிவு கொள்கை வகுப்பவர்களுக்குச் சங்கடமானது. சில்லறை வழக்குகளை இங்கே தள்ளினால் கோர்ட்டுக்கு லேசாகும். ஆனால் அதிகப் பலன் தருவதோ பெரிய வழக்குகள், அவை கோர்ட்டில் நடந்துகொண்டிருக்கும்போதே கூடவே நடத்தப்படுபவை. இரண்டுக்கும் ஆள் வேண்டும்.

கேள்வி: ஒப்பந்தத்தில் என்ன எழுத வேண்டும்? மன்னிப்புக் கடிதம் எப்படி இருக்க வேண்டும்?

பதில்: "இனி நல்லபடி நடந்துகொள்வேன்" என்ற வரி ஒப்பந்தத்தில் இருந்தால் அடித்துவிடுங்கள். அதை யாராலும் சரிபார்க்க முடியாது. ஒவ்வொரு வரியிலும் யார், எதை, எவ்வளவு, எந்தத் தேதிக்குள், யார் பார்ப்பார்கள் என்ற ஐந்தும் இருக்க வேண்டும். பணம் என்றால் முதலில் ரசீது அல்லது மதிப்பீட்டைப் பார்த்துத் தொகையை உறுதிசெய்யுங்கள். பிறகு கட்டுபவரின் மாத வருமானத்தில் சாப்பாடும் வாடகையும் போக மிஞ்சுவதைக் கேளுங்கள். மிஞ்சுவதில் பாதிக்கு மேல் தவணையாகப் போட்டால் மூன்றாவது மாதம் நின்றுவிடும் என்று எதிர்பார்க்கலாம். பணம் நேரடியாகக் கைமாறாமல் அலுவலகம் வழியாகப் போகட்டும். சந்திப்பின் உருக்கத்தில் தவறு செய்தவர் "எல்லாவற்றையும் தருகிறேன்" என்று தாங்க முடியாத தொகைக்குச் சம்மதிப்பதும், பாதிக்கப்பட்டவர் "ஒன்றும் வேண்டாம்" என்பதும் அடிக்கடி நடக்கிறது. இரண்டையும் ஒரு நாள் கழித்து மறுபடி கேட்டு உறுதி செய்யுங்கள்.

கடிதத்துக்கு வருவோம். "என்னால் உங்களுக்கு ஏதாவது மன வருத்தம் ஏற்பட்டிருந்தால் மன்னிக்கவும். நண்பர்கள் கூப்பிட்டதால் போய்விட்டேன். நீங்கள் மன்னித்தால்தான் எனக்கு வேலை கிடைக்கும்." இதில் ஒவ்வொரு வரியும் கெடுதல் செய்கிறது. "ஏதாவது, இருந்தால்" என்பது நடந்ததையே சந்தேகமாக்குகிறது. இரண்டாவது வரி பழியை நண்பர்கள் மேல் போடுகிறது. மூன்றாவது, காயப்பட்டவர் தலையிலேயே இன்னொரு பாரத்தை ஏற்றுகிறது.

இப்படி இருக்கலாம்: "அன்று இரவு உங்கள் பின்கதவை உடைத்து உள்ளே வந்தேன். அலமாரியில் இருந்த கைக்கடிகாரத்தை எடுத்து விற்றேன். அது உங்கள் அப்பாவுடையது என்று நீங்கள் சொன்னபோதுதான் தெரிந்தது. வாங்கியவரிடம் போய்க் கேட்டேன், அவரிடம் இப்போது இல்லை. கதவுக்கான பணத்தை மாதாமாதம் கட்டுகிறேன். இந்தக் கடிதத்துக்கு நீங்கள் பதில் எழுத வேண்டியதில்லை." எழுத்துப்பிழையைத் திருத்த வேண்டாம், அழகுபடுத்தவும் வேண்டாம். பிறர் எழுதிக் கொடுத்த கடிதம் படித்தவுடனே தெரிந்துவிடும்.

கேள்வி: ஒப்பந்தத்தை மீறினால் என்ன?

பதில்: முதலில் மீறலா, முடியாமையா என்று பிரித்துப் பாருங்கள். வேலை போய்விட்டதால் தவணை நின்றிருந்தால், பாதிக்கப்பட்டவரின் சம்மதத்தோடு தேதியை மாற்றி எழுதலாம். காரணமே இல்லாமல் நிறுத்தியிருந்தால் வழக்கு அனுப்பிய அதிகாரிக்கோ கோர்ட்டுக்கோ திரும்பும். அங்கே வழக்கம்போல் நடவடிக்கை தொடரும். ஆனால் ஒப்பந்தத்தை நிறைவேற்றவில்லை என்பதற்காகவே தண்டனையைக் கூட்டக் கூடாது என்று அந்த 2002 கோட்பாடுகள் சொல்கின்றன.

பெரும்பாலான மீறல்கள் முதல் மாதத்திலேயே வாசனை காட்டும். அதனால் முதல் விசாரிப்பை முதல் வாரத்திலேயே செய்யுங்கள், பிறகு மாதம் ஒரு முறை. பல திட்டங்கள் தவறு செய்தவரை மட்டும் கண்காணித்துவிட்டுப் பாதிக்கப்பட்டவரை மறந்துவிடுகின்றன. தவணை தாமதமானால் அவருக்கு அன்றே சொல்ல வேண்டும். அவராகக் கூப்பிட்டுக் கேட்கும் நிலை வரக் கூடாது. கடைசித் தவணை வந்த அன்றும் அவரை அழைத்து, வந்துவிட்டது, கோப்பை மூடப்போகிறோம், மூடுவதற்கு முன் ஏதாவது கேட்க வேண்டியது இருக்கிறதா என்று கேளுங்கள்.